கெட்டிச் சாயமா, ஓடுகிற சாயமா? ஆண்டனியின் பேச்சைத் துவைத்துப் பார்க்கும் முறை

சின்னாளபட்டியில் என் அப்பா நூலுக்குச் சாயம் ஏற்றும் வேலை பார்த்தார். வீட்டுக்குப் புதுச் சேலை வந்தால் அதன் அழகைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டின் முனையை நனைத்து, சேலையின் ஓரத்தில் நாலு தேய் தேய்ப்பார். துண்டில் நிறம் ஒட்டவில்லை என்றால் "கெட்டிச் சாயம்" என்பார். ஒட்டினால் ஒன்றும் சொல்லாமல் துண்டைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அம்மாவுக்கு முகம் விழுந்துவிடும்.

ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கு ரெட்டாரிக்கல் டிவைஸ் (பேச்சை ஈர்க்க வைக்கும் உத்தி) என்று ஒரு பட்டியலும் லாஜிக்கல் ஃபேலசி (சரிபோலத் தோன்றும் தப்பான வாதம்) என்று இன்னொரு பட்டியலும் வந்து சேரும். இரண்டையும் இப்போது நான் அந்தத் துண்டை வைத்துத்தான் நடத்துகிறேன். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி நடத்தவில்லை. நாற்பது பெயர், நாற்பது விளக்கம், ஆளுக்கொரு பிரதி என்று கொடுத்துவிட்டேன். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீஸர் நாடகத்தில் ஆண்டனி பேசும் பேச்சைப் பற்றித் தேர்வில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "ஆண்டனி அனஃபோரா, எபிஸ்ட்ரஃபி, கயாஸ்மஸ், ஹைபர்போல் ஆகியவற்றைச் சிறப்பாகக் கையாண்டு மக்கள் மனதை வென்றார்." பேச்சிலிருந்து ஒரு வரிகூட எடுத்துக் காட்டவில்லை. ஆண்டனியை எடுத்துவிட்டு எந்த வார்டு கவுன்சிலரைப் போட்டாலும் அந்த வாக்கியம் பொருந்தும். மார்க்கைக் குறைத்தேன். ஆனால் தப்பு என்னுடையது, அவனுடையது அல்ல. (அப்புறம், அது ஹைபர்போல் இல்லை, ஹைபர்பலி, நம் உயர்வு நவிற்சி. நேர்முகத்தேர்வில் அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.)

நீங்களே வீட்டில் செய்து பார்க்கத் தேவையானவை மூன்று: ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீஸர் நாடகத்தில் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியின் ஜெராக்ஸ், ஒரு பென்சில், ஒரு நோட்டு. "நீயுமா புரூட்டஸ்" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோமே, அது இதற்கு முந்தைய காட்சி. அங்கே கத்திக்குத்து முடிந்துவிட்டது. இங்கே நடப்பது பேச்சு மட்டும். சீஸரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் முதலில் பேசுகிறான், கூட்டம் கைதட்டுகிறது. அடுத்து சீஸரின் நண்பன் ஆண்டனி பேசுகிறான், அதே கூட்டம் புரூட்டஸின் வீட்டைக் கொளுத்தக் கிளம்புகிறது. ஒரே கூட்டம், ஒரே சாவு, இரண்டு பேச்சு. பயிற்சிக்கு இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் வேலை, பெயர்களையெல்லாம் மறந்துவிட்டு வாய்விட்டுப் படிப்பது. மனசுக்குள் படித்தால் பாதி போய்விடும், ஏனென்றால் இவை காதுக்காகச் செய்தவை. புரூட்டஸ் உரைநடையில் பேசுவான், ஆண்டனி செய்யுளில். உங்கள் நாக்கு எங்கே போன இடத்துக்கே திரும்பப் போகிறதோ அங்கே அடிக்கோடு போடுங்கள். கண்ணுக்குள் ஒரு படம் எழுந்தால் அதைச் சுற்றி வட்டம். கேள்வி மாதிரி இருந்தும் பதில் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு கேள்விக்குறி. இந்த மூன்று குறிகள் போதும். பெயர் வைப்பது கடைசியில்.

பெயர்கள் பயமுறுத்தினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இவற்றில் பலவற்றைப் பள்ளித் தமிழில் அணியிலக்கணமாகப் படித்து முடித்துவிட்டீர்கள். மெட்டஃபர் நம் உருவகம். சிமிலி உவமை. ஆன்டிதெசிஸ் ஏறக்குறைய முரண். "தீயவை தீய பயத்தலால் தீயவை தீயினும் அஞ்சப் படும்" என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைச் சொற்பொருள் பின்வருநிலை என்று எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். ஆங்கிலத்தில் அந்தத் திரும்புதல் ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அனஃபோரா, முடிவில் வந்தால் எபிஸ்ட்ரஃபி. அவ்வளவுதான். ஃபேலசிக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது, போலி. மணிமேகலை பௌத்தத் தருக்கம் கேட்கிற காதையில் பக்கப்போலி (கூற்றில் பிழை), ஏதுப்போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் பிழை) என்று வகை வகையாக வருகின்றன. காரணம் மாதிரியே வேஷம் போட்டு நிற்பது ஏதுப்போலி. ஃபேலசி என்பதற்கு நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் எனக்குப் பிடித்தது.

இப்போது துவைக்கும் வேலை. அடிக்கோடு போட்ட வரியை எடுத்து, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் உங்கள் அம்மாவிடம் சொல்வதுபோல வீட்டுத் தமிழில் நோட்டில் எழுதுங்கள். அழகான சொல் ஒன்றுகூட வரக்கூடாது. எழுதிய பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே "அதனால?" என்று ஒரு கேள்வி போடுங்கள். பதில் வந்தால் அது கெட்டிச் சாயம், நடுவில் இருந்தது அலங்காரம் மட்டும்தான். வரவில்லை என்றால் அலங்காரத்துக்குப் பின்னால் ஒரு போலி நின்றுகொண்டிருக்கிறது.

புரூட்டஸிடமிருந்து ஆரம்பிப்போம். பேச்சைத் தொடங்கிய உடனேயே, என் மானத்தை முன்னிட்டு என்னை நம்புங்கள், நீங்கள் நம்புவதற்காக என் மானத்தை மதியுங்கள் என்கிறான். ஆங்கிலத்தில் இது 'பிலீவ்', 'ஹானர்', மறுபடி 'ஹானர்', 'பிலீவ்' என்று போன வழியே திரும்பி வரும். இப்படித் தலைகீழாகத் திரும்புவது கயாஸ்மஸ். கேட்க கம்பீரமாக இருக்கும். துவைத்தால்: "நான் யோக்கியன், அதனால என்னை நம்புங்க. என்னை நம்பறதுக்கு, நான் யோக்கியன்னு முதல்ல ஒத்துக்கங்க." அதனால? ஒன்றுமில்லை, செக்குமாடு மாதிரி சுற்றியிருக்கிறோம். இதுதான் சர்க்குலர் ரீசனிங். நிறுவ வேண்டியதையே ஆதாரமாகக் காட்டுவது. கவனித்தீர்களா, டிவைஸும் ஃபேலசியும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. திரும்பி வருகிற அந்த வடிவம்தான் வாதம் சுற்றுவதை மறைக்கிறது. இரண்டு பட்டியலாக மனப்பாடம் செய்தவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

அடுத்து, ஆங்கிலத்தில் 'ஆஸ்' என்று தொடங்கும் அந்த நான்கு துண்டுகள். சீஸர் என்னை நேசித்தான், அழுகிறேன். அவன் பாக்கியசாலி, மகிழ்கிறேன். வீரன், மதிக்கிறேன். பேராசைக்காரன், கொன்றேன். ஒரே அச்சில் வார்த்த நான்கு துண்டுகள், பேரலலிசம். முதல் மூன்றையும் கூட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளும். மூன்று முறை தலையாட்டிய கழுத்து நாலாவது முறையும் தானாக ஆடும். நாலாவதைத் துவைத்துப் பாருங்கள்: "அவனுக்குப் பேராசை, அதனால கொன்னேன்." என்ன பேராசை, எப்போது, யார் பார்த்தது? அந்தப் பேச்சு முழுக்கத் தேடுங்கள், ஒரு உதாரணம் கிடையாது. ஆதாரம் இருக்க வேண்டிய இடத்தில் தாளம் இருக்கிறது.

"சீஸர் உயிரோடிருந்து நீங்கள் எல்லோரும் அடிமைகளாகச் சாவதா, சீஸர் செத்து நீங்கள் எல்லோரும் சுதந்திரமாக வாழ்வதா?" என்று கேட்கிற இடம் ஆன்டிதெசிஸுக்குப் பாடப்புத்தக உதாரணம். துவைத்தால் இரண்டு கதவு மட்டும் உள்ள வீடு. சீஸர் உயிரோடு இருந்து மக்களும் சுதந்திரமாக இருந்திருக்க முடியாதா? அவனை அடக்கிவைக்க வேறு வழியே இல்லையா? இது ஃபால்ஸ் டைலமா. உடனே, அடிமையாக இருக்க விரும்பும் ஈனன் இங்கே யாராவது உண்டா, இருந்தால் பேசு என்கிறான். பதிலுக்குக் காத்திருப்பதாகவும் சொல்கிறான். எவன் கை தூக்குவான்? யாரும் இல்லை என்றதும், அப்படியானால் நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று முடித்துவிடுகிறான். எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் "குறை இருந்தா சொல்லுங்க" என்று பந்தியில் நின்று கேட்பார்கள். வாயில் சோறு இருக்கும்போது யார் குறை சொல்வது? அந்த ரகம்.

கூட்டத்தில் ஒருவன் புரூட்டஸைப் பார்த்து, இவனைச் சீஸர் ஆக்குவோம் என்று கத்துகிறான். எதற்காகக் கொன்றார்கள் என்பதே அவனுக்கு ஏறவில்லை. வகுப்பில் இந்த இடம் வந்தால் நான் ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

ஆண்டனி வேறு கை. 'ஃபிரெண்ட்ஸ், ரோமன்ஸ், கன்ட்ரிமென்' என்று ஓரசை, ஈரசை, மூவசையாக ஏறி வருகிற தொடக்கத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், படியேறுவதுபோல இருக்கும். மூன்று மூன்றாக அடுக்குவது டிரைகோலன். அப்புறம் அந்தப் பல்லவி: புரூட்டஸ் ஹானரபிள் மனிதன். பேச்சின் முதல் பகுதியிலேயே நான்கு முறை. முதல் முறை மரியாதையாகக் கேட்கும். இரண்டாவது முறை லேசாக உறுத்தும். நாலாவதில் அந்தச் சொல் அப்படியே எதிர்ப்பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. ஐரனி என்று எழுதுங்கள், ஆனால் மனசுக்குள் வஞ்சப்புகழ்ச்சி என்று புரிந்துகொள்ளுங்கள். கயவரைத் தேவருக்கு ஒப்பிட்ட குறளும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பிள்ளைகள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். ஆண்டனி கெட்டிக்காரன், ஆகவே அவன் சொல்வதெல்லாம் போலி என்று எழுதுவார்கள். துவைத்துத்தான் பார்க்க வேண்டும். சீஸர் கைதிகளின் பிணைத்தொகையைப் பொதுக் கஜானாவில் சேர்த்தான், ஏழைகள் அழுதபோது அழுதான், மூன்று முறை மகுடத்தை மறுத்தான் என்கிறான். முதலாவது நல்ல ஆதாரம்தான், சாயம் போகவில்லை. இரண்டாவது வலுவில்லாதது, அழுகிறவனுக்கும் பேராசை இருக்கலாம். மூன்றாவதற்கு முதல் அங்கத்துக்குப் போங்கள். நேரில் பார்த்த காஸ்கா (பின்னால் சீஸரைக் குத்தியவர்களில் ஒருவன்), சீஸர் ஒவ்வொரு தடவையும் அரை மனசோடுதான் தள்ளினான், விரல் எடுக்க மனமில்லாமல் எடுத்தான் என்கிறான். ஆண்டனி சொன்னது பொய் இல்லை, பாதி. பாதியை மட்டும் எடுத்துவைப்பதற்குச் செர்ரி பிக்கிங் என்று பெயர். இப்படி ஒவ்வொரு ஆதாரத்தையும் தனித்தனியாக எடைபோட்டு எழுதியிருந்தால் எந்த ஆசிரியரும் பேனாவை நிறுத்திப் படிப்பார்.

சீஸரின் உயில் இருக்கிறது, ஆனால் நான் படிக்க மாட்டேன், நீங்கள்தான் வாரிசுகள் என்று தெரியாமல் இருப்பதே நல்லது என்கிறான். சொல்ல மாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிடுவது பிரெட்டரிஷியோ. "எனக்கு எதுக்கு அடுத்த வீட்டு விஷயம், அந்தப் பொண்ணு ராத்திரி பதினோரு மணிக்கு வந்தா எனக்கென்ன" என்று குழாயடியில் கேட்டிருப்பீர்களே, அதேதான். பிறகு சீஸரின் மேலங்கியைத் தூக்கிக் காட்டுகிறான். ஒரு கோடை மாலை, கூடாரத்தில், நெர்வியர் என்ற கூட்டத்தாரைப் போரில் வென்ற நாளில் சீஸர் இதை முதன்முதலாக உடுத்தினான் என்று ஆரம்பித்து, இது காஷியஸ் குத்திய ஓட்டை, இது காஸ்கா, இது புரூட்டஸ் என்று விரல் வைத்துக் காட்டுகிறான். எனக்கே ஒவ்வொரு வருஷமும் தொண்டை அடைக்கும். துவைத்தால்? குத்தியபோது ஆண்டனி அங்கே இல்லை. சதிகாரர்களில் ஒருவனான டிரெபோனியஸ் அவனை முன்கூட்டியே வெளியே கூட்டிப்போய்விட்டான். எந்த ஓட்டை யாருடையது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது. இரக்கத்தைக் கிளறி ஆதாரத்தை மறக்கடிக்கிற அப்பீல் டு பிட்டி செய்கிற வேலையே அதுதான். இத்தனையும் செய்துவிட்டு, நான் ஒன்றும் புரூட்டஸ் மாதிரி பேச்சாளன் இல்லை என்று வேறு சொல்லிக்கொள்கிறான்!

அடுத்த காட்சி சின்னது. தவறவிடாதீர்கள். சின்னா என்று ஒரு கவிஞன் தெருவில் வருகிறான். கொலைகாரர்களிலும் ஒரு சின்னா உண்டு. நான் அவன் இல்லை, கவிஞன் என்று கெஞ்சுகிறான். அப்படியானால் அவனுடைய மோசமான கவிதைக்காகக் கிழியுங்கள் என்கிறது கூட்டம். பெயர் ஒன்றாக இருப்பதால் குற்றமும் ஒன்று என்கிற கில்ட் பை அசோசியேஷனுக்கு விளக்கம் எழுதச் சொன்னால் இந்தக் காட்சியை எழுதிவிட்டு வாருங்கள். அந்தப் போலி ஒரு ஆளின் உயிரையே எடுப்பதை மேடையில் காட்டிவிட்டார்கள்.

இப்போது இரண்டாம் அங்கத்துக்குத் திரும்பிப் போய், புரூட்டஸ் தனியாக நின்று யோசிக்கிற இடத்தைப் படியுங்கள். சீஸர் இதுவரை தவறு செய்ததாக அவனுக்கே தெரியவில்லை. முடிசூட்டினால் மாறலாம் என்கிறான். இப்போது இருக்கிற நிலையில் நம் வழக்குக்குச் சாயம் ஏறாது, ஆகவே இப்படி வடிவமைப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். 'கலர்' என்ற சொல்லையே போடுகிறான். முதல் முறை இதைப் படித்தபோது அப்பாவின் துண்டுதான் ஞாபகம் வந்தது. வடிவமைத்து எடுப்பது ஒரு உவமை: பாம்பு முட்டை, ஓட்டுக்குள்ளேயே நசுக்கிவிடுவோம். துவைத்தால்: "அவன் முட்டை மாதிரி. முட்டை பொரிஞ்சா பாம்பு. அதனால இப்பவே கொல்லணும்." பாம்பு முட்டையிலிருந்து பாம்புதான் வரும், அது நிச்சயம். மனிதன் என்ன ஆவான் என்பது நிச்சயமா? ஒரு படி சறுக்கினால் பாதாளம் வரை போய்விடும் என்கிற ஸ்லிப்பரி ஸ்லோப் இங்கே உவமைக்குள் ஒளிந்திருக்கிறது. அவன் ஏமாற்றிய முதல் ஆள் கூட்டம் அல்ல, அவனேதான்.

நாடகத்தை விட்டு வெளியே வந்தால் அகப்படும் போலிகளுக்கு நம் பழமொழிகளே நல்ல துணை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் போஸ்ட் ஹாக். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததால் முன்னது பின்னதற்குக் காரணம் என்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். பானையில் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் ஒரே நெருப்பில் வேகிறது, அதனால் ஒன்று போதும். ஒரு ஊர்க்காரர் ஏமாற்றினார் என்று அந்த ஊரையே சொன்னால் அது ஹேஸ்டி ஜெனரலைசேஷன். ஊர் ஒரு பானை இல்லையே.

வாதத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்குவது ஆட் ஹாமினெம். ஆனால் வைதால் எல்லாம் அது ஆகிவிடாது. "நீ ஒரு முட்டாள்" என்பது வெறும் திட்டு. "நீ முட்டாள், அதனால நீ சொன்ன கணக்கு தப்பு" என்பதில்தான் போலி வருகிறது. "நீ மட்டும் யோக்கியமா" என்று திருப்பிக் கேட்பது டூ குவோக்குவே. லத்தீனில் "நீயும்தான்" என்று பொருள். சீஸரின் 'எட் டூ'வில் இருக்கிற அதே 'டூ'தான், ஆனால் அங்கே அது வாதம் இல்லை, வலி. இரண்டையும் குழப்பி எழுதிய விடைத்தாள்கள் என்னிடம் வந்திருக்கின்றன. இன்னொன்று: வாதம் போலி என்று காட்டிவிட்டால் முடிவு பொய் என்று ஆகாது. சீஸருக்கு நிஜமாகவே பேராசை இருந்திருக்கலாம். புரூட்டஸ் அதை நிறுவவில்லை, அவ்வளவுதான்.

ஸ்ட்ரா மேனை என் மகள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று கேட்டாள். "ஓஹோ, எங்களை அம்போன்னு விட்டுட்டுப் போகணும்ங்கறே" என்றேன். "மிஸ்," என்றாள், டியூஷன் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரியே. "நான் கேட்டது பெங்களூர். நீங்க அடிக்கிறது வைக்கோல் பொம்மையை." ரசத்தை இறக்கி வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். எதிராளி சொன்னதை விட்டுவிட்டு, அடிக்கச் சுலபமான ஒன்றை அவர் வாயில் திணித்து அதை அடிப்பது. வீட்டுச் சண்டைகளில் முக்கால்வாசி இதுதான்.

தேர்வில் எழுதும்போது வரியை முதலில் காட்டுங்கள், பெயரை அடுத்து வையுங்கள், பிறகு அது கேட்பவரை என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். "படிப்பவர் மனதில் தாக்கத்தை ஏற்படுத்துகிறது" என்று எழுதாதீர்கள். என்ன தாக்கம் என்று சொல்லாத அந்த வாக்கியத்தால் யாருக்கும் பயனில்லை. "மூன்று உண்மைகளுக்கு ஒப்புக்கொண்ட தாளத்திலேயே நிரூபிக்காத நான்காவதுக்கும் கூட்டம் ஒப்புக்கொள்கிறது" என்று எழுதினால் டிவைஸ், ஃபேலசி இரண்டுக்கும் ஒரே வரியில் மார்க் வந்துவிடும். ஐந்து பெயரை மேலோட்டமாகத் தூவுவதைவிட இரண்டை இப்படித் துவைத்து எழுதுவது மேல்.

எல்லாம் முடித்த பிறகு நான்காம் அங்கம் முதல் காட்சியில் தொடக்க வரிகளை மட்டும் படித்துவிட்டு நோட்டை மூடுங்கள். ரோம் இப்போது ஆண்டனி உள்ளிட்ட மூவர் கையில். ஆளுக்கு எழுபத்தைந்து டிராக்மா என்று கூட்டத்துக்குப் படித்துக் காட்டினானே, அந்த உயிலை எடுத்துவரச் சொல்லி ஆண்டனி ஆள் அனுப்புகிறான். அதில் எதை எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்காக.